பரீட்சை வாயிலில் ஆசிரியர்

நேயர்களே, ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றிலே தென்கொரிய நாடு முழுவதும் தன் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றது. அன்று அந்நாட்டின் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை. 1993-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் அப்பரீட்சையைச் சுருக்கமாகச் 'சுனுங்' என்பர். அன்று காலை அலுவலகங்கள் பல ஒரு மணி நேரம் பிந்தித் திறக்கின்றன. பங்குச் சந்தையும் பிந்தியே தொடங்குகின்றது. வீதியில் நெரிசல் உண்டாகிப் பிள்ளைகள் தாமதித்துவிடலாகாது என்பதே காரணம். நேரம் பிந்திய மாணவனைப் பொலிசார் தம் வாகனத்தில் ஏற்றிப் பரீட்சை மண்டபத்திற் கொண்டுபோய்ச் சேர்ப்பர். ஆங்கிலத்தைச் செவியாற் கேட்டு விடையெழுதும் பகுதி நடைபெறும் பொழுதில் அந்நாட்டு விமான நிலையங்களில் விமானங்கள் இறங்குவதுமில்லை, எழுவதுமில்லை. 2017-ஆம் ஆண்டு பொகாங் நகரில் நிலம் நடுங்கியபோது, நாடு முழுவதற்கும் பரீட்சையை ஒரு வாரம் தள்ளிவைத்தனர்.

இந்தப் பரபரப்பின் வேர் மிகப் பழையது. கொரிய மன்னர் காலத்தில் அரச உத்தியோகத்துக்கு ஆள் தெரிவதற்காக 958-ஆம் ஆண்டிலே தொடங்கிய பரீட்சை முறை, 1894-ஆம் ஆண்டிலேதான் ஒழிக்கப்பட்டது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பரீட்சையே அங்கு குடும்பங்கள் உயர்வதற்கு ஏணியாக நின்றது. ஆதலின் இன்றும் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைக்கு ஒட்டும் தன்மையுள்ள 'யொத்' என்னும் இனிப்பைக் கொடுக்கின்றனர். ஒட்டிக்கொள்ளுதல் என்ற சொல் அவர்கள் பேச்சிற் சித்தியடைதலையும் குறிக்கும். கடற்பாசிக் குழம்பை அன்று சமைக்கமாட்டார்கள். அது வழுக்கும் பொருள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் பிள்ளையின் நெற்றியில் விபூதி பூசி அனுப்பும் நம் ஊர்த் தாய்மாருக்கு அத்தாய்மாரின் உள்ளம் நன்றாக விளங்கும்.

இனி, அந்நாட்டுப் பாடசாலையிலே பணிபுரியும் பிறநாட்டு ஆசிரியர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்துப் பாடசாலைகளில் அமர்த்தும் திட்டத்தைக் கொரிய அரசு 1995-ஆம் ஆண்டு தொடங்கியது. அவ்வாறு வந்தவர் மாணவரின் தாய்மொழியை அரைகுறையாகவே அறிவார். அவர்தம் பெற்றோரின் அச்சம் அவருக்குப் புதியது. பரீட்சைக்கு முதல்நாள் வகுப்பறையில் நின்று, மூன்றாண்டுகள் உறக்கம் குறைத்துப் படித்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கின்றார். அவர் என்ன சொல்லுவார்? 'பைற்றிங்' என்ற சொல் அங்கு வழங்குகின்றது; ஆங்கிலத்திலிருந்து போய்க் கொரியச் சொல்லாகவே மாறி, 'துணிந்து செய்' என்ற பொருளில் நிற்பது அது. அதை அவரும் சொல்லலாம். ஆயினும் அந்தச் சொல்லுக்கு வலு எங்கிருந்து வருகின்றது? சொன்ன அளவிலே ஊக்கம் பிறந்துவிடுமா?

இந்த வினாவுக்கு விடை தேடி நாம் கொரியாவுக்குப் போகவேண்டியதில்லை. பிறநாட்டு ஆசிரியரும், தமிழ் மாணவரும், ஒரு பெரும் பரீட்சையும் ஒன்றுகூடிய வரலாறு நமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே உண்டு. அதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

யாழ்ப்பாணத்தில் ஆறில்லை. மாரி மழையும் கிணற்று நீருமே நமது முதல். சிறு துண்டு நிலத்தை நாலு பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் எவருக்கும் போதாது. ஆகவே நம் முன்னோர் பிள்ளைக்குக் கொடுக்கத்தக்க பங்கிடாச் சொத்தாகக் கல்வியைக் கண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும், கொழும்பிலும் மலாயாவிலும் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் நம்மவர் சென்று அமர்ந்தது கல்வியின் பலத்தினாலேயே. கொரியருக்கு அரச பரீட்சை எவ்வாறோ, அவ்வாறே நமக்கு ஆங்கிலப் பாடசாலையும் அதன் பரீட்சையும் ஆயின.

அந்த வழியின் தொடக்கத்தில் நிற்பவர் டானியல் பூவர் ஐயர். அமெரிக்காவின் மாசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் 1789-இற் பிறந்தவர். 1816-இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிற் பணி தொடங்கியவர். 1823-ஆம் ஆண்டு அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விச் சாலையை நிறுவியபோது அதன் தலைவராக அமர்ந்து, 1835 வரை அதனை நடத்தினார். அதுவே வட்டுக்கோட்டைச் செமினரி. ஆங்கிலமும் தமிழும் வடமொழியும், கணிதமும் வானசாத்திரமும் இயற்கை விஞ்ஞானமும் அங்கு ஒருங்கே கற்பிக்கப்பட்டன. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1850-இல் வெளியிட்ட நூலிலே, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது இச்செமினரி என்று மதித்துரைத்தார்.

பூவர் ஐயர் மாணவரை ஊக்குவித்த முறைக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுகின்றேன். 1829-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு சந்திர கிரகணம் நிகழவிருந்தது. நமது பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் அக்கிரகணத்தின் காலத்தைக் கணித்து வெளியிட்டிருந்தார். பூவர் ஐயர் ஐரோப்பிய முறையிற் கணித்துப் பார்த்தபோது, தொடங்கும் நேரம், நிலைக்கும் நேரம், மறையும் அளவு ஆகிய மூன்றிலும் வேறுபாடு தோன்றியது. அவர் அதை மறைத்து வைக்கவில்லை. தாம் சொன்னதை நம்புங்கள் என்று மாணவரை வற்புறுத்தவுமில்லை. இரண்டு கணிப்பையும் முன்கூட்டியே பலரறிய வைத்து, வானத்தையே பார்க்கும்படி செய்தார். குறித்த இரவில் கிரகணம் அவர் கணித்தபடி நிகழ்ந்தது.

பஞ்சாங்கத்தின் மதிப்பைக் குறைத்து, அதன் வழியே நம் சமய நம்பிக்கையைத் தளர்த்துவது அவர் உள்ளத்திலிருந்த நோக்கங்களில் ஒன்று. அதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அன்றிரவு வானத்தைப் பார்த்து நின்ற மாணவன் கற்றது அந்நோக்கத்தினும் பெரிது. ஆசிரியரும் பரீட்சைக்கு உட்பட்டவரே என்பதை அவன் கண்டான். விடை சரியோ பிழையோ என்பதை ஆளின் பெருமை தீர்மானிப்பதில்லை என்பதையும் கண்டான். தம்மையே பரீட்சைக்கு நிறுத்தத் துணிந்த ஆசிரியரின் மாணவனுக்குப் பரீட்சை என்பது பேயாகத் தோன்றாது. நம் பழைய கணித முறையும் அதனால் அழிந்துவிடவில்லை. பூவர் ஐயருக்குப் பின் தலைவரான ஹொய்சிங்ரன் ஐயர், தமிழ் வானசாத்திர நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கக் குறிப்புகளோடும் 1848-இற் பதிப்பித்தார். கற்பிக்க வந்தவரே கற்கவும் நேர்ந்தது.

அக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து பொருளுதவி புரிந்தவர்களின் பெயரை மாணவருக்கு இடும் வழக்கம் இருந்தது. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்றிவ்வாறு இன்று நமக்கு வியப்பாகத் தோன்றும் பெயர்கள் அவ்வாறு வந்தவை. சி. வை. தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டியில் 1832-ஆம் ஆண்டு பிறந்தவர். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் கற்றவர். 1844 தொடங்கி 1852 வரை செமினரியிற் பயின்றவர். பின் கோப்பாயில் ஆசிரியராக அமர்ந்தவர். 1853-இல், இருபத்தொரு வயதில், 'நீதிநெறி விளக்கம்' என்னும் நூலைப் பதிப்பித்தார்.

இங்கே கதை ஒரு கசப்பான இடத்துக்கு வருகின்றது. அமெரிக்க மிஷனின் தலைமைப் பீடத்திலிருந்து ஒரு தூதுக்குழு வந்து செமினரியை ஆராய்ந்தது. மிஷன் செலவிட்ட பொருளுக்கு ஏற்ப மதபோதகர் உருவாகவில்லை. ஆங்கிலம் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்லுகின்றனர். தாய்மொழியிற் போதகரைப் பயிற்றுவதே போதும் என்பது அக்குழுவின் கருத்து. 1855-ஆம் ஆண்டு செமினரி மூடப்பட்டது. மதுரையிற் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு யாழ்ப்பாணத்துக்கே மீண்டிருந்த பூவர் ஐயரும் அதே ஆண்டிலே மானிப்பாயில் வாந்திபேதி நோயினால் இறந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் நடந்த கல்விச்சாலை, தன்னை நிறுவியவர்களின் பரீட்சையிலேயே தோற்றுப்போயிற்று என்று அன்று எவரும் எண்ணியிருப்பர்.

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1857-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதலாவது பி. ஏ. பட்டப் பரீட்சையிற் சித்தியெய்தி முதற் பட்டதாரிகளாக விளங்கியவர் இருவர். ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை; மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும், மூடப்பட்ட அந்தச் செமினரியின் மாணவர். விசுவநாதபிள்ளை தாமோதரம்பிள்ளைக்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். 1855-இலேயே தமிழில் 'வீசகணிதம்' எழுதி வெளியிட்ட கணித வல்லுநர். முப்பத்தேழு வயதில் மீண்டும் மாணவனாக இருந்து பரீட்சை எழுத அவர் வெட்கப்படவில்லை. இளையவரும் மூத்தவரும் ஒரே பரீட்சையில் ஒருங்கே தேறினர்.

நேயர்களே, அவர்கள் பரீட்சை எழுதியபோது பூவர் ஐயர் உயிரோடில்லை. அவர் தொடங்கிய கல்விச்சாலையுமில்லை. முதல்நாள் மாலை அருகில் நின்று முதுகில் தட்டிக்கொடுக்க அவர்களுடைய பழைய ஆசிரியர் எவரும் வட்டுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு வந்திருக்க முடியாது. ஆயினும் ஊக்கம் அவர்களிடம் இருந்தது. பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சேமித்துவைத்த பொருள் அது. பரீட்சை நாளிலே அவர்கள் அதனை எடுத்துச் செலவிட்டனர். ஊக்கம் என்பது முதல்நாள் மாலையில் விதைத்து மறுநாட் காலையில் அறுக்கும் பயிரன்று என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சென்னையில் அவர்களுக்கு வாயில் திறந்துவிட்டவரையும் நாம் நினைக்கவேண்டும். பேர்சிவல் பாதிரியார் ஆங்கிலேயர்; வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்து யாழ்ப்பாணத்திற் பல்லாண்டு கல்விப்பணி புரிந்தவர். ஆறுமுக நாவலர் அவரிடம் ஆங்கிலம் கற்று, அவருடைய பாடசாலையிலே கற்பித்தும், விவிலிய மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றும் இருந்தவர் என்பது யாவரும் அறிந்தது. பின்னர் பேர்சிவல் சென்னைக்குச் சென்று, மாநிலக் கல்லூரியிற் பேராசிரியராகவும் 'தினவர்த்தமானி' என்னும் பத்திரிகையின் தலைவராகவும் விளங்கினார். அப்பத்திரிகைக்கு ஆசிரியராக இருக்கும்படி கோப்பாயிலிருந்த இளைஞர் தாமோதரம்பிள்ளையை அழைத்தவர் அவரே. அவ்வழைப்பு இல்லாதிருந்தால் 1857-இல் அவர் சென்னையில் இருந்திருப்பாரோ என்பது ஐயமே. மாணவன் இருக்கும் இடத்துக்கும் பரீட்சை நடக்கும் இடத்துக்கும் இடையிலே ஒரு கடல் கிடக்குமாயின், அதைக் கடக்கத் தோணி கொடுப்பதும் ஊக்குவித்தலேயாகும். இன்று வன்னியிலிருந்தோ தீவகத்திலிருந்தோ வரும் பிள்ளைக்குத் தங்குமிடமும் பயணச் செலவும் தேடிக்கொடுக்கும் ஆசிரியர் அப்பணியையே செய்கின்றார்.

மற்றொரு பிறநாட்டவர் மாணவர் முன் கிடந்த வேறொரு தடையைக் கண்டார். அவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே வைத்தியசாலையும் வைத்திய வகுப்பும் நடத்தியவர். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போவதையும், ஊரவர் வைத்தியரின்றி வாடுவதையும் கண்டு, 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். அதற்கு நூல்கள் வேண்டுமே! தம் மாணவரையே துணையாகக் கொண்டு, உடற்கூற்றியலையும் சத்திர வைத்தியத்தையும் பிரசவ வைத்தியத்தையும் தமிழில் ஆக்கினார். 'இரண வைத்தியம்' 1867-இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இலும் வெளிவந்தன. 1873-இல் அமெரிக்காவுக்கு மீண்ட பின்னரும் தமிழ் நூற்பணியை அவர் விடவில்லை.

கிறீன் வைத்தியரின் மாணவனைச் சிந்தியுங்கள். நரம்பும் எலும்பும் இரத்தவோட்டமும் அவனுக்குக் கடினமான பொருள்களே. ஆனால் அப்பொருளோடு மொழியும் சேர்ந்து அவன் கழுத்தை நெரிக்கவில்லை. பரீட்சையிலே அவன் அறிந்தானா அறியவில்லையா என்பதே வினாவாயிற்று. மாணவனின் சுமையில் வேண்டாத பங்கைத் தம் தோளுக்கு மாற்றிக்கொண்டவர் அவ்வாசிரியர். 'அஞ்சாதே' என்று நூறு முறை சொல்வதிலும் அஞ்சத்தக்க ஒரு காரணத்தை நீக்குவது மேல்.

மூன்றாவதாக ஓர் அம்மையாரைச் சொல்லாமல் இருக்கமுடியாது. உடுவிலிற் பெண்களுக்கென 1824-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட விடுதிப் பாடசாலைக்கு, 1840-இல் அமெரிக்காவிலிருந்து எலைசா அக்னியூ அம்மையார் வந்தார். 1879 வரை அங்கே கற்பித்தார். ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பிச் சென்றாரில்லை. 1883-இல் மானிப்பாயிலே காலமானார். தாயையும், அவள் மகளையும், அம்மகளின் மகளையும் கற்பித்தவர் அவர். அவரிடம் கற்ற பெண்களின் தொகை ஆயிரத்துக்கு மேற்படும். பெண்ணைப் பாடசாலைக்கு அனுப்பலாமோ என்று ஊர் தயங்கிய காலத்தில், நாற்பது ஆண்டுகள் ஓரிடத்தில் அசையாது நின்ற ஓர் ஆசிரியையே அத்தயக்கத்துக்கு விடையாக இருந்தார். கொரியாவிலும் இதைப் போன்ற வரலாறு உண்டு. மேரி ஸ்கிரான்ரன் என்னும் அமெரிக்க அம்மையார் 1886-இல் ஒரே ஒரு மாணவியோடு சியோலிற் பாடசாலை தொடங்கினார். அதுவே இன்று ஈகுவா மகளிர் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கின்றது. இரு நாடுகளிலும் மாணவிக்குத் துணிவு தந்தது ஒன்றே. நாளையும் இவர் இங்கிருப்பார் என்ற நம்பிக்கை.

இவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் கண்ணை மூடிக்கொண்டு புகழவேண்டியதில்லை. அவர்கள் தந்த கல்வியோடு மதமாற்றத்தின் எதிர்பார்ப்பும் சேர்ந்தே வந்தது. செமினரி மூடப்பட்ட காரணமும் அதுவே. ஆனால் மாணவர் தாம் பெற்ற கல்வியைத் தம் விருப்பப்படி பயன்செய்தனர். தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் பின்னாளிற் சைவத்துக்கு மீண்டனர். தாமோதரம்பிள்ளை 1871-இல் சட்டப் பட்டமும் பெற்றுப் புதுக்கோட்டையில் நீதிபதியாக விளங்கினார். செல்லரித்த ஏடுகளைத் தேடித் தேடித் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885-இலும், கலித்தொகையை 1887-இலும் அச்சேற்றினார். அந்தப் பணிக்கு வினாத்தாளுமில்லை, புள்ளியுமில்லை. ஆசிரியர் எண்ணியிராத இடத்துக்கு மாணவன் சென்று சேர்வது கல்வியின் தோல்வியாகாது. மூடப்பட்ட செமினரியின் கட்டடங்களிலே, இந்நாட்டவரின் முயற்சியும் சேர்ந்து, 1872-ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1855-இல் எழுதப்பட்ட தீர்ப்பு இறுதித் தீர்ப்பாக நிற்கவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று மூன்று படிகளிலே நம் பிள்ளைகள் பரீட்சைக்கு நிற்கின்றனர். உயர்தரத்திற் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோர் எல்லோருக்கும் பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்பது நீங்கள் அறிந்ததே. ஆகவே நன்றாகப் படித்த பிள்ளையும் வெளியே நிற்கவேண்டிய நிலை வரலாம். அதிபர் நாற்காலியில் இருந்து பல ஆண்டுகளாகப் பரீட்சைக் காலங்களைப் பார்த்துவருகின்றவன் நான். பெறுபேறு வெளியாகும் நாளிலே சித்தியடைந்த பிள்ளையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். மற்றப் பிள்ளை மதிலோரமாக வெளியேறும். அந்தப் பிள்ளையை முன்கூட்டியே நினைத்துப் பேசாத ஊக்கவுரை அரைவுரையே.

அவ்வாறாயின் ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கது யாது? இக்கால உளவியலாளர் ஆராய்ந்து கண்ட இரண்டு செய்திகள் நமக்கு உதவும்.

முதலாவது, புகழ்ச்சி பற்றியது. அமெரிக்க உளவியலாளர் கரொல் டுவெக், கிளாடியா முல்லர் என்னும் இருவர் 1998-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். சிறுவருக்குச் சில புதிர்களைக் கொடுத்து, அவர்கள் நன்கு செய்தபின் ஒரு சாராரை 'நீ கெட்டிக்காரன்' என்றும், மற்றொரு சாராரை 'நீ நன்றாக முயன்றாய்' என்றும் பாராட்டினர். பின்பு கடினமான புதிர்கள் கொடுக்கப்பட்டன, எல்லோரும் இடறினர். அதன்பின் மீண்டும் எளிய புதிர்களைக் கொடுத்தபோது, கெட்டிக்காரன் என்று புகழப்பட்டவர் முன்னையிலும் குறைவாகவே செய்தனர். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர் முன்னையிலும் நன்றாகச் செய்தனர். காரணம் விளங்கக் கூடியதே. கெட்டிக்காரன் என்ற பட்டத்தைப் பெற்ற பிள்ளை ஒரு கணக்கிலே தோற்றால் அப்பட்டமே பறிபோவதாக அஞ்சுகின்றது. முயற்சிக்குப் பாராட்டுப் பெற்ற பிள்ளைக்கோ மேலும் முயல்வதற்கு வழி திறந்தே இருக்கின்றது. 'நீ மூன்று ஏயும் எடுப்பாய், எனக்குத் தெரியும்' என்று சொல்லுகின்ற தந்தை அன்பினாலேதான் சொல்லுகின்றார். ஆயினும் அச்சொல் பிள்ளையின் தலையில் இன்னுமொரு சுமையாகவே ஏறுகின்றது.

இரண்டாவது, படிக்கும் முறை பற்றியது. ஹென்றி ரோடிகர், ஜெப்ரி கார்ப்பிக் என்போர் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவரையும், வாசித்தபின் நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப்பார்த்தவரையும் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவரே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப்பார்த்தவர் முன்னின்றனர். வாசித்தல் மனத்துக்கு ஆறுதல் தரும். எழுதிப்பார்த்தல் அறிவை நிலைநிறுத்தும். கடந்தகால வினாத்தாளை எடுத்து, கடிகாரத்தை முன்வைத்து, நூலை மூடி எழுதிப் பழகும் மாணவனுக்குப் பரீட்சை மண்டபம் அந்நிய இடமாகத் தோன்றாது. வானத்தையே விடைத்தாளாகக் காட்டிய பூவர் ஐயரின் முறைக்கும் இதற்கும் உறவுண்டு. இரண்டும் மாணவன் தன் அறிவைத் தானே சோதிக்கப் பழக்குவன.

அச்சம் தோன்றுவது குற்றமன்று என்பதையும் பிள்ளைக்குச் சொல்லவேண்டும். மனத்திலே ஒரே வேளையில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய செய்திகள் சிலவே. 'தோற்றுப்போனால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்' என்ற கவலை அந்தச் சிறு இடத்தில் வந்து குந்திக்கொண்டால், கணக்குக்கு இடம் குறைகின்றது. அறிந்த விடையே பரீட்சை மண்டபத்தில் மறந்துபோவது இதனாலேதான். ஆகவே கவலையைக் குறைப்பதும் பாடம் கற்பிப்பதைப் போன்ற பணியே. அதை வீட்டார் எளிதாகச் செய்யலாம். பெரியம்மா மகனோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிட்டுப் பேசாதிருக்கலாம். பெறுபேறு எப்படி வந்தாலும் அடுத்த நாள் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பிள்ளையோடு அமர்ந்து பேசலாம். தொழில்நுட்பக் கல்லூரி, கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, மீண்டும் ஒருமுறை எழுதுதல் என்று வழிகள் பல உள. முன்னே ஒரே ஒரு கதவுதான் உண்டு என்று எண்ணும் பிள்ளை அக்கதவைக் கண்டு நடுங்கும். நாலு கதவுகள் உண்டென்று அறிந்த பிள்ளை முதற் கதவைத் தைரியமாகத் தட்டும்.

பிறநாட்டு ஆசிரியரிடமிருந்து நம் ஊர் ஆசிரியர் கற்றுக்கொள்ளத்தக்கது மற்றொன்றும் உண்டு. வெளியிலிருந்து வந்தவருக்குப் பிள்ளையின் குலம், குடும்பம், அண்ணனின் பெறுபேறு, தமையனின் உத்தியோகம் முதலியன கண்ணில் உடனே படுவதில்லை. அவர் பிள்ளையைப் பிள்ளையாகவே காண்கின்றார். ஆகவே அவர் சொல்லும் 'உன்னால் முடியும்' என்ற சொல்லில் ஊராரின் கணக்கு எதுவும் கலந்திருப்பதில்லை. கொரிய வகுப்பறையிலே நிற்கும் அந்த ஆசிரியரின் பலமும் இதுவே. மொழி அரைகுறையாக இருந்தாலும், 'இவர் என்னைப் புள்ளியாகப் பார்க்கவில்லை' என்பதை மாணவன் உணர்வான். இந்தப் பார்வையைப் பெறுவதற்கு நாம் கடல் கடந்து வரவேண்டியதில்லை. நம் பிள்ளையையே ஒருநாள் புதிதாகப் பார்த்தாற் போதும்.

ஆசிரிய நண்பர்களே, பரீட்சைக்கு முதல்நாள் நீங்களும் மாணவர் முன் நிற்பீர்கள். நீண்ட உபதேசம் அன்று வேண்டா. 'படிக்கவேண்டியதைப் படித்துவிட்டாய், இரவு நேரத்தோடு உறங்கு, வினாத்தாளை முழுவதும் வாசித்துவிட்டுத் தெரிந்ததிலிருந்து தொடங்கு, முடிவு எதுவாயினும் அடுத்த கிழமை என்னை வந்து பார்' என்று சொல்லுங்கள். கடைசியிற் சொன்னதை மறவாதீர்கள். பிள்ளை வந்தால் வீட்டிலோ பாடசாலையிலோ இருங்கள். தவணை முழுவதும் அப்பிள்ளையோடு உழைத்த ஆசிரியர் சொல்லும்போது அந்த நாலு வரிகளுக்கும் வலு இருக்கும். உழையாதவர் சொல்லும்போது நானூறு வரிகளுக்கும் வலு இராது.

வட்டுக்கோட்டையிற் கற்ற இருவர் சென்னையிலே பேனாவை எடுத்தபோது, அவர்களுடைய பள்ளிக்கூடத்தின் கதவு சாத்தப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அங்கு கற்பிக்கப்பட்டது சாத்தப்படவில்லை. இவ்வாண்டு பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளைகள் யாவர்க்கும், அவர்களைக் கற்பித்துவரும் ஆசிரியர்கட்கும், விளக்கேற்றிவைத்துக் காத்திருக்கும் பெற்றோர்க்கும் என் நல்வாழ்த்துகள்.